நீருக்குள் நீ விட்ட மூச்சு

கூட்டாளி,

இன்று காலை பொன்னேரி பஜாரில் பம்புசெட் சாமான் விற்கும் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் புது ரப்பர் குழாய்ச் சுருளைப் பிரித்து, எனக்கு வேண்டிய நீளத்துக்கு வெட்டினார். வெட்டிய இடத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. ரப்பரும் அதன் மேல் தூவியிருந்த வெள்ளைப் பவுடரும் கலந்த வாசனை. அவ்வளவுதான். கடை, வெயில், வாசலில் ஹாரன் அடித்த பஸ் எல்லாம் எங்கேயோ விலகிப் போய்விட்டன. முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பல்லில் ரப்பரைக் கடித்துக்கொண்டு, முகத்துவாரத்துத் தண்ணீரில் உன் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன். "பாய், இன்னும் இன்னா வேணும்?" என்று கடைக்காரர் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் திரும்பி வந்தேன்.

நீ போய் ஒரு வாடைக்காலம் கடந்துவிட்டது. உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்தில் நாம் என்றைக்கும் இருந்ததில்லை. கோட்டைக்குப்பத்தில் இருந்து நீ ஈர வேட்டியோடு கிளம்பினால், வேட்டி காய்வதற்குள் பழவேற்காட்டில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாய். இப்போதுதான் எழுதவேண்டி வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நம் கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே, "யார்றா அது விசில் அடிக்கிறது?" என்று கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? வெளியே ஐப்பசி மழை. நீதான் எழுந்தாய். "நான் அடிக்கல சார். என் நெஞ்சுதான் அடிக்குது" என்றாய். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, பிறகு உன் பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்துப் பார்த்தார். கையை எடுத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உன் இழுப்பைப் பற்றி நீ ஒருநாளும் ஒளித்ததில்லை. கால் ஊனம், கண் மங்கல் என்று சொல்வதைப் போல, "எனக்கு இழுப்பு கீது" என்று முதலிலேயே சொல்லிவிடுவாய்.

அப்படிப்பட்டவனுக்குத் தண்ணீர்மேல் எப்படி அத்தனை பித்து வந்தது என்று எனக்கு அன்றைக்கும் புரிந்ததில்லை. ஏரியில் மூழ்கி ஆளிச் சிப்பி அள்ளுவாய். பசியாவரம் தீவுப் பக்கம் யாருடைய வலையாவது அடியில் சிக்கிக்கொண்டால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை வெகுநேரம் கழித்து மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "தண்ணிக்குள்ள போயிட்டா விசிலு நின்னுடுதுடா பாய்."

"மூச்சே உடலன்னா எப்பிடிடா விசிலு வரும்?" என்றேன்.

"அதான்டா சொகமே" என்று சொல்லிவிட்டு மறுபடி மூழ்கினாய்.

நீ மூழ்கிய இடத்தில் தண்ணீர் மூடிக்கொள்வதைப் பார்ப்பேன். நாரைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியாத மத்தியானங்கள் அவை. நீ தண்ணீருக்குள் போயிருக்கிறாயா, வானத்துக்குள் போயிருக்கிறாயா என்று எனக்கு மயக்கமாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் மாஸ்டர் வந்தார். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். படகுகளின் விசிறியில் சுற்றிய கயிற்றை அறுப்பது, மூழ்கிய நங்கூரத்தைத் தேடி எடுப்பது போன்ற வேலைகளைக் கரையோரம் எங்கே கிடைத்தாலும் செய்துவந்தார். இரண்டு காற்றுச் சிலிண்டர், அவற்றுக்கான குழாய்கள், முகக்கண்ணாடிகள், காற்று அடைக்கும் கம்ப்ரசர் எல்லாம் அவருடைய ஜீப்பில் இருந்தன. கம்ப்ரசர் பழுதாகி, படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான் அதைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் நீ உள்ளே வந்தாய். அந்தச் சிலிண்டர்களைப் பார்த்த உன் கண்ணை நான் பார்த்தேன். கல்யாணத்தின்போதுகூட நீ அப்படிப் பார்த்ததில்லை.

கூட வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால், நம் இருவருக்கும் கற்றுத்தருவதாக மாஸ்டர் சொன்னார். வாய்க்குழாயை உன் கையில் கொடுத்தபடி, வழக்கமாகக் கேட்பதைப் போலக் கேட்டார்: "நெஞ்சுல கோளாறு எதுவும் இல்லையே?"

"கீது சார். சின்ன வயசுல இருந்தே இழுப்பு."

மாஸ்டர் உன் கையிலிருந்து அந்த வாய்க்குழாயை மெதுவாகத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். கோபமாக இல்லை. "அப்ப வேணாம் தம்பி. இது விளையாட்டு இல்ல" என்றார். நீ ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே தண்ணீரில் இறங்கியிருக்கலாம். பட்டறை வாசலில் நின்று, எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். உன் கையில் எண்ணெயே இல்லை.

சென்னையில் நெஞ்சுநோய் டாக்டரம்மாவிடம் நாம் போனது அதற்குப் பிறகுதான். முழுக்கை ரவிக்கை போட்ட, சத்தம் போடாமல் பேசுகிற அம்மா. நீ விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவைத்தார். "நுரையீரல்னா திராட்சைக் கொத்து மாதிரி. உனக்கு அந்தக் காம்பெல்லாம் சுருங்கியிருக்கு, சளி அடைச்சிருக்கு. தண்ணிக்கு அடியில இழுத்த காத்து, மேல வர வர பெருகும். வழி நல்லா இருந்தா வெளிய போயிடும். அடைச்சிருந்தா? கிழிச்சுக்கிட்டுத்தான் போகும். ஆழமே வேணாம், உங்க ஏரித் தண்ணியே போதும்."

ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதியதும் அதிலிருந்த முள் எண்களின் மேல் நகர்ந்தது. பிறகு மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கி வரச் சொன்னார். வந்து மறுபடி ஊதியபோது முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. சுவரில் கையை ஊன்றி நீ இருமியதை நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வேணாம்."

திரும்பும் பஸ்ஸில் மீஞ்சூர் தாண்டியதும், "அவங்க சொல்றது கரெக்டுதான்டா" என்றாய். அத்தோடு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை. தண்ணீரைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு, நெஞ்சைச் சரிசெய்வதைப் பிடித்துக்கொண்டாய். இழுப்பு வந்தால் மட்டும் மாத்திரை தேடுகிறவன், வராத நாளிலும் காலையும் மாலையும் மருந்துப் பம்பை வாயில் வைத்து அடிக்க ஆரம்பித்தாய். பீடியை விட்டாய். கருவாடு காயும் பக்கம் போவதில்லை. புகை ஆகாது என்று உன் மனைவி அடுப்பையே வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தடுப்புக்குள் கொண்டுபோனார். "இவன் இன்னாடா, புள்ளத்தாச்சி மாதிரி பத்தியம் கெடக்குறான்" என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நீயும் கூடச் சிரித்தாய். ஆனால் ஒருநாளும் தவறவிடவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டரம்மாவிடம் பலமுறை போனோம். கடைசியில் ஒருநாள் நீ மாடிப்படி ஏறி இறங்கி வந்து ஊதினாய். ஏறுவதற்கு முன் முள் எங்கே போனதோ, அங்கேயே போய் நின்றது. அவர் உன் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நான் சரின்னு சொல்லல," என்றார். "என் புத்தகத்துல உன்னை மாதிரி ஆளுக்கு வேணாம்னுதான் போட்டிருக்கு. ஆனா நீ போகத்தான் போறேன்னு தெரியுது. இந்தக் குழலை எடுத்துட்டுப் போ. இறங்குற அன்னைக்கு ஊது. முள்ளு கொஞ்சம் இறங்கியிருந்தாலும், ஒரு சின்ன விசில் இருந்தாலும் போகாத. சளி, காய்ச்சல் வந்தா போகாத. தனியா போகாத, மூச்சு வாங்கற வேலை அடியில செய்யாத. எப்போ வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் இதுல போகலாம்."

மாஸ்டரும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. "நேவியில உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். ஆனாலும் இடுப்பளவுத் தண்ணீரில் ஆரம்பித்தார். அங்கேதான் உனக்கு உண்மையான கஷ்டம் வந்தது. எனக்கு மூச்சை அடக்கவே தெரியாது. அதனால் சுலபமாகக் கற்றுக்கொண்டேன். நீயோ மூச்சை அடக்கியே பேர் வாங்கியவன். சிலிண்டரை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனதும் உன் நெஞ்சு தன்னால் பூட்டிக்கொள்ளும். மாஸ்டர் உன் தோளைத் தட்டுவார். மேலே வந்ததும் கத்துவார்: "அடக்காத! அடக்குனா செத்த! மேல வரும்போது உட்டுக்கிட்டே வா, ஊதிக்கிட்டே வா!" சின்ன வயதிலிருந்து பழகியதை நீ ஒவ்வொரு மூச்சாக மறக்க வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உதட்டைக் குவித்து மெல்ல ஊதிப் பழகுவாய். உன் மகள் அதைப் பார்த்து, சோறு சூடாக இருக்கிறதென்று நினைத்துத் தானும் ஊதுவாள்.

உன் மனைவியின் சிவப்பு நகச்சாயத்தால் அந்தக் குழலில் ஒரு கோடு போட்டாய். முள் அந்தக் கோட்டைத் தாண்டினால் தண்ணீர். தாண்டாவிட்டால் கரை. அந்த வருஷம் நாம் பலமுறை இறங்கினோம். இறங்காமல் திரும்பிய நாட்களும் இருந்தன. அப்படித் திரும்பும்போது நீ முகத்தைத் தொங்கவிட்டதில்லை. "இன்னிக்கு நெஞ்சு லீவு கேக்குதுடா" என்பாய்.

அந்தப் புரட்டாசியில் உன் அண்ணனின் இன்ஜின் படகு முகத்துவாரத்து மணல்திட்டில் அடிபட்டுக் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்கள். படகு உடைந்து, இன்ஜினோடு, திட்டை ஒட்டிய ஆழமான கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. அதை நம்பி நாலு குடும்பம் இருந்தது. மழைக்காலம் தொடங்கினால் மணல் புரண்டு எல்லாவற்றையும் மூடிவிடும். படகு போனாலும் இன்ஜினையாவது எடுத்துவிட வேண்டும் என்று மாஸ்டர் வந்தார்.

முதல் நாள் தண்ணீர் அமைதியாக இருந்தது. நீ ஊதினாய், முள் கோட்டைத் தாண்டியது. நாம் இருவரும் இறங்கினோம். கலங்கல் தண்ணீரில் கையால் தடவித் தடவி இன்ஜினைக் கண்டுபிடித்தோம். பலகையோடு பிடித்திருந்த போல்ட்டுகளை நான் கழற்றினேன், நீ விளக்கைப் பிடித்தாய். மாஸ்டர் சொன்னபடி கனமான வேலை எதையும் நீ செய்யவில்லை. பாதிக்கு மேல் கழற்றிவிட்டோம். அன்று மாலை உன் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் கயிறு கட்டி, இரண்டு படகுகளுக்கு நடுவே தூக்கிவிடலாம் என்று பேச்சு.

மறுநாள் விடிந்தபோது காற்று திரும்பியிருந்தது. வாடை. வடக்கே வானம் ஈரச் சாம்பல் மாதிரி கிடந்தது. படகில் உட்கார்ந்து நீ குழலை ஊதினாய். முள் கோட்டுக்குக் கீழே நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஊதினாய். இன்னும் கீழே. நான் உன் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். எங்கோ தூரத்தில், கதவிடுக்கில் காற்று நுழைவது போல ஒரு சின்னச் சத்தம். நம் வாத்தியாரைச் சிரிக்கவைத்த விசில்.

"நான் எறங்கல மாஸ்டர்" என்றாய்.

மாஸ்டர் தலையசைத்தார். உன் அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "இன்னாடா சொல்ற? நேத்து போனியே, இன்னிக்கு இன்னா வந்துச்சு?"

"நேத்து நெஞ்சு நல்லா இருந்துச்சுண்ணா. இன்னிக்கு இல்ல."

"நாலு வூட்டு ஒலை இதுலதான் கொதிக்குது. நீ ஒரு கொழாய ஊதிட்டு ஒக்காந்துக்கினு கீற! பயந்தாங்கொள்ளி, அப்பிடின்னு சொல்லிட்டுப் போயேன்!"

பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாய்: "பயமாத்தான் கீதுண்ணா. நான் உள்ள போய் எதுனா ஆனா, இன்ஜினத் தேடுறத உட்டுட்டு என்னத் தேடணும். அதுக்கும் பாய்தான் எறங்கணும்."

மாஸ்டர் உன் சிலிண்டரைத் தானே மாட்டிக்கொண்டார். நானும் அவரும் இறங்கினோம். எங்கள் கயிறுகள் உன் கையில் இருந்தன. அடியில் இழுவை கூடியிருந்தது. சேறு கிளம்பி, என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் நீரோட்டம் என்னை இரண்டு முறை இழுத்துப் போட்டது. மிச்சம் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது கயிறு விட்டுவிட்டு அதிர்ந்தது. மேலே வரச் சொல்லும் அடையாளம். மாஸ்டர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். மெல்ல, ஊதிக்கொண்டே ஏறினோம். மேலே வந்து பார்த்தால், வெளியே கடலிலிருந்து அலை வரிசைகட்டி முகத்துவாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் படகே நிலைத்திருக்காது.

இன்ஜின் வரவில்லை. உன் அண்ணன் துடுப்பைப் படகின் விளிம்பில் ஓங்கி அடித்தார்.

அன்று சாயங்காலமே உனக்கு இழுப்பு வந்தது. நான் உன்னை அப்படிப் பார்த்ததேயில்லை. பம்பை அடித்தாய், மாத்திரை போட்டாய், ஒன்றும் கேட்கவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்து, உதடு கறுத்து, ஒரு வார்த்தை சொல்ல மூன்று மூச்சு எடுத்தாய். உன் மனைவி ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வாசலில் வந்து நின்று பார்த்தார். உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார். நான் குடை பிடிக்க ஓடினேன். என்னால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஐஸ் ஏற்றும் வேனில் போட்டுப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, விடிந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாய், இது அடியில வந்துருந்தா?"

கேட்டுவிட்டு, அவரே தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் உன் காலை, போர்வைக்கு மேலாகவே, கொஞ்ச நேரம் பிடித்துவிட்டார். நீ தூங்கியதால் உனக்கு அது தெரியாது. நீ உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்கலாம். நம் இருவருக்குள் அதையெல்லாம் பேசும் பழக்கம் இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க உன் அண்ணனும் அவர் ஆட்களும் மற்றவர்கள் படகில் கூலிக்குப் போனார்கள். அந்த நாலு வீடுகளில் நிலைமை திரும்ப வெகுகாலம் ஆயிற்று. நீ சொன்ன 'வேண்டாம்' யாருக்கும் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஆனால் உன் அண்ணன் அதைப் பற்றி ஊரில் யாரையும் ஒரு சொல் பேசவிட்டதில்லை.

பொங்கல் கழிந்து, டாக்டரம்மா மறுபடி நெஞ்சைக் கேட்டுத் தலையசைத்த பிறகு, இன்ஜினைத் தேடிப் போனோம். முள் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. கயிற்றைப் பிடிக்க உன் அண்ணனே வந்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "அவசரமில்ல. ஒண்ணும் கெடைக்கலன்னாலும் வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

ஓத ஏற்றத்தில் கடல்நீர் ஏரிக்குள் வந்துகொண்டிருந்த நேரம். அந்த மாதிரித் தண்ணீரை நான் முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. இளம்பச்சைக் கண்ணாடி. வெயில் பட்டைபட்டையாக அடிவரைக்கும் இறங்கி, மணலில் ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜின் இருந்த இடத்தில் இன்ஜின் இல்லை, பலகையும் இல்லை. மணல் எல்லாவற்றையும் மூடி, மேலே விரலால் வரைந்த மாதிரி வரிகள் போட்டுவைத்திருந்தது. தேட ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீ மேலே போகலாம் என்று கைகாட்டவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அசையாமல், தண்ணீரில் அப்படியே நின்றாய்.

மடவை மீன் கூட்டம் ஒன்று கடலிலிருந்து வந்தது. வெள்ளிக் காசுகளைக் கொட்டியது போல நம்மைச் சுற்றிப் பிரிந்து, அந்தப் பக்கம் ஒன்றுசேர்ந்து ஏரிக்குள் போயிற்று. கண்ணாடிக்குள் உன் கண் சிரித்ததைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். உன் மூச்சு எனக்குக் கேட்டது. இழுக்கும்போது ஒரு மெல்லிய உரசல், விடும்போது குமிழிகள் புரண்டு மேலே ஓடும் சத்தம். சிறு வயதிலிருந்து உன் நெஞ்சில் கேட்டுப் பழகிய எந்தச் சீட்டியும் அதில் இல்லை. நிதானமாக, யாரோ தூங்குகிறவர் விடுவதைப் போல, வந்து போயிற்று. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. மேலே வந்ததும் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு நீ சொன்னாய்: "அடக்காமயே சொகமா கீதுடா பாய்."

கடைசி வருஷங்களில் நீ படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாய். போன அன்றைக்கும் அப்படித்தான், மகள் பக்கத்தில் இருக்க, ஒரு மூச்சுக்கும் இன்னொரு மூச்சுக்கும் நடுவில் போய்விட்டாய். எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசும்போது அந்த மூச்சுத் திணறலைத்தான் சொல்கிறார்கள். பாவம், இழுத்து இழுத்துக் கிடந்தான் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர்கள் கேட்டது அதுதான்.

எனக்கும் வயதாகிவிட்டது. சில சமயம் மசூதியில் தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருப்பேன். ஏரிக்காற்று உள்ளே வந்து போகும். கண்ணை மூடினால் இளம்பச்சை வெளிச்சம். எனக்கு வலது பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், நீ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாய். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே போகின்றன. என்னிடம் இருப்பது அந்தச் சத்தம்தான், கூட்டாளி. அதைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டும்.